விற்ற பின்னும் தீராத கடமை

பெங்களூரில் அல்சூருக்கு அண்மையில் மர்பி டவுன் என்னும் பகுதி உள்ளது. முன்னர் நாக்ஸ்பேட்டை என வழங்கிய அது, பின்னர் மர்பி என்ற பொறியாளரின் பெயரைப் பெற்றது. தண்டுப் பகுதியில் உழைத்த எளிய தொழிலாளர் குடியேறிய இடம் அது. தமிழ்க் குடும்பங்கள் பல அங்குத் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அதன் குறுகிய தெருக்களில் இன்று வாசல்தோறும் மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ நிற்கக் காண்கிறோம். ஓட்டுபவன் மீது குற்றமில்லை. வண்டி பிறந்தபோதே அதில் குறை இருந்தது என்றால், அதனைத் திருத்துவது யார் கடமை?

இவ்வினாவுக்கு உலகம் விடை கண்டது அண்மைக் காலத்தில்தான். 1965 ஆம் ஆண்டில் ரால்ப் நேடர் என்னும் வழக்கறிஞர், மோட்டார் வண்டிகளின் அமைப்பிலேயே உள்ள அபாயங்களை எடுத்துக்காட்டி ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் சட்டம் பிறந்தது. குறையை உடைமையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. ஆனால் இலவசமாகச் செப்பனிட வேண்டும் என்ற கட்டாயம் 1974 ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் வந்தது. நோயைச் சொல்வது வேறு, மருந்து கொடுப்பது வேறு அன்றோ!

நம் நாட்டின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் முதலில் இதற்கு இடமில்லை. 2010 இல் மாருதி நிறுவனம் எரிபொருள் கசிவு அச்சத்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களைத் திரும்ப அழைத்தது. 2012 இல் உற்பத்தியாளர் சங்கம் தானாக முன்வந்து ஒரு நெறிமுறை வகுத்தது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் 110ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. ஓட்டுநருக்கோ, பயணிக்கோ, சாலையில் செல்லும் பிறருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு விளைக்கும் குறையிருப்பின் வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு மத்திய அரசு ஆணையிடலாம். செப்பனிடுதல், மாற்று வண்டி அளித்தல், விலையைத் திருப்பித் தருதல் ஆகியவற்றுள் ஒன்றை உற்பத்தியாளர் செய்தல் வேண்டும். தாமே குறையைக் கண்டு அறிவிப்பவருக்கு அபராதம் இல்லை.

அவ்வாண்டு மே மாதத்திலேயே சென்னையைச் சேர்ந்த ராயல் என்பீல்டு நிறுவனம் 2,36,966 மோட்டார் சைக்கிள்களை இக்னிஷன் காயில் சோதனைக்கென அழைத்தது. அவற்றுள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்கே பாகம் மாற்ற நேரும் என அந்நிறுவனம் கருதியது. எனினும் எது பழுது, எது நலம் என்று அறிய அனைத்தும் வந்தாக வேண்டும்.

இங்கேதான் வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஓர் இடர் உண்டு. அழைப்பு பதிவேட்டிலுள்ள முகவரிக்குச் செல்கிறது. வேலூரில் வாங்கிப் பெங்களூருக்குக் கொணர்ந்த வண்டிக்கும், பழையதாக வாங்கிப் பெயர் மாற்றாத வண்டிக்கும் உரிய கடிதம் எவர் வீட்டுக் கதவையோ தட்டி நிற்கும். முகவரி மாறினால் முப்பது நாளுக்குள் பதிவதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருப்பின் புதுப் பதிவெண் பெறுதல் வேண்டும். இவற்றை வீண் அலைச்சலென எண்ணுவோர் பலர். நம்மைக் காக்க வரும் செய்திக்கு வழி திறந்து வைப்பதும் இவையே. பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, விற்பனை நிலையத்தில் ஒருமுறை கேட்டறிவதும் நன்று.

சட்டம் உற்பத்தியாளரின் கடமையை வகுத்துவிட்டது. அந்த அழைப்பு நம் வாசலை அடையச் செய்வது நம் கடமையாகும்.