ஜாமீன் பணத்தோடு வந்த மாணவர்கள்

1964 கோடை விடுமுறையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய கல்லூரி மாணவர்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கைதானால் ஜாமீன் கட்ட 500 டாலரும், கைச்செலவுக்குப் பணமும் அவரவரே கொண்டுவர வேண்டும். சம்பளம் கிடையாது.

கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பது முக்கிய வேலை. அப்போது அம்மாநிலத்தில், ஓட்டுப் போடும் வயதை எட்டிய கறுப்பினத்தவரில் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பட்டியலில் இல்லை. பதிவு செய்யப் போனவரிடம் 21 கேள்விகள் கொண்ட படிவத்தை நீட்டுவார்கள். மாநில அரசியல் சட்டத்தின் ஏதாவதொரு பிரிவைப் பார்த்தெழுதி, பொருளும் சொல்ல வேண்டும். சொன்னது சரியா என்பது வெள்ளைக்கார அதிகாரியின் இஷ்டம். விண்ணப்பித்தவரின் பெயர் இரண்டு வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியாகும். முதலாளி கண்ணில் பட்டால் பிழைப்பு போயிற்று. கறுப்பினப் பண்ணைத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமர் 1962 ஆகஸ்டில் விண்ணப்பித்த அன்றே, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையைவிட்டு வெளியேற்றப்பட்டார்.

இந்த இயக்கத்தை வழிநடத்தியவர் கணித ஆசிரியர் பாப் மோசஸ். அவருடைய மாணவர் அமைப்பின் முழுநேர ஊழியர்களுக்கு வாரச் சம்பளம் 10 டாலர். வரி போகக் கைக்கு வந்தது 9 டாலர் 64 சென்ட். கோடைக்கு மட்டும் வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே வந்தவர்களில் பெரும்பாலோர் வசதியான வீட்டு வெள்ளைப் பிள்ளைகள்.

அவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ குட்மேன், நியூயார்க் கல்லூரி மாணவர், வயது 20. மிசிசிப்பியில் கால் வைத்த மறுநாளே, ஜூன் 21 அன்று, இயக்கத் தோழர்கள் ஜேம்ஸ் சேனி, மைக்கேல் ஷ்வெர்னர் ஆகியோருடன் காணாமல் போனார். 44 நாள் கழித்து, ஒரு மண் அணைக்குள்ளிருந்து மூவரின் உடல்களும் தோண்டி எடுக்கப்பட்டன.

அந்தக் கோடையில் பதிவுக்கு முயன்றவர்கள் சுமார் 17,000 பேர். ஏற்கப்பட்டது ஏறக்குறைய 1,600 பேருடைய விண்ணப்பம். மறு ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது.

1966இல் குட்மேனின் பெற்றோர் மகன் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார்கள். கல்லூரிகளில் வாக்காளர் பதிவுக்கு உழைக்கும் மாணவர்களுக்கு அது இன்று உதவித்தொகை தருகிறது.

அரசின் கதை வேறு. மாணவர்கள் வேலை பார்த்துக்கொண்டே படிக்க மத்திய அரசு பணம் தரும் திட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது, அதே 1964 ஆகஸ்டில். கட்சி சாராத வாக்காளர் பதிவு வேலைக்கும் அந்த நிதியிலிருந்து ஊதியம் தரலாம் என்று 2024இல் கல்வித்துறை தெளிவுபடுத்தியது. ஆட்சி மாறிய பின், 2025 ஆகஸ்டில், அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது.