உபதேசியார்: ஒரு பெயரின் வழித்தடம்

திருச்சி வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில், கொள்ளிடத்துக்கு வடக்கே மண்ணச்சநல்லூர், லால்குடிப் பக்கம் வரைக்கும், ‘உபதேசியார்’ யாரென்று பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாமியார் பங்கின் தலைமையூரில் இருப்பார். கிளைக் கிராமத்துக்கு உபதேசியார்தான். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து செபிப்பது, உயிருக்குப் போராடும் சிசுவுக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது?

‘உப’ என்றால் அருகில். ‘தேசம்’ இங்கே நாட்டைக் குறிக்கவில்லை. காட்டுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து பிறந்தது. ‘திசை’யும் அந்த வேரில் வந்ததே. ஆக, அருகிருந்து வழிகாட்டுவது உபதேசம். சைவத்தில் குரு சீடனின் காதில் மந்திரம் ஓதுவது உபதேசம். திருவரங்கத்தில் வாழ்ந்த மணவாள மாமுனிகள் 15ஆம் நூற்றாண்டில் தம் நூலுக்கு ‘உபதேச ரத்தின மாலை’ என்று பெயரிட்டார்.

1606இல் மதுரைக்கு வந்த கத்தோலிக்கக் குரு ராபர்ட் தெ நொபிலி இந்த மண்ணின் சமயச் சொற்களையே எடுத்தாண்டார். அவருடைய ‘ஞானோபதேசம்’ என்ற நூற்பெயர், பிற்காலத்தில் கத்தோலிக்க மறைக்கல்விக்கே பொதுப்பெயராயிற்று. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தம் உதவியாளர்களை ‘வேதியர்’ என்றழைத்து, அவர்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். வேதியர் என்றால் அந்தணர் என்ற பொருள் ஏற்கெனவே வழங்கியது. ‘உபதேசியார்’ செய்யும் வேலையையே சொன்னது. ‘ஆர்’ விகுதி மரியாதையும் சேர்த்தது.

சீர்திருத்தச் சபைகளிலும் அதே பெயர் வேர்விட்டது. தரங்கம்பாடியில் உபதேசியாராக ஊழியம் செய்த ஆரோன், 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ் லுத்தரன் போதகரானார். 1762 முதல் திருச்சியில் பணியாற்றிய சுவார்ட்ஸ் ஐயர், காலையில் உபதேசியார்களைக் கூட்டிச் செபித்து ஊர்களுக்கு அனுப்புவார். மாலையில் அவர்கள் வந்து, யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம் என்று சொல்வார்கள். திருச்சிக் கோட்டையில் 1766இல் எழுந்த கிறிஸ்து ஆலயம் இன்றும் நிற்கிறது. அந்தச் சபையை வளர்த்ததில் உபதேசியார்களின் இந்த நடைக்கும் பங்குண்டு.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின் கத்தோலிக்கத் தமிழ் மாறியது. பூசை திருப்பலியானது; மேற்றிராணியார் ஆயரானார்; ஞானோபதேசம் மறைக்கல்வியானது. தமிழ் தழைத்ததில் மகிழ்ச்சியே. ஆனால் புதுச்சொற்கள் பெரும்பாலும் சடங்கையும் பதவியையும் பாடத்தையும் குறிக்கின்றன. அருகில் போய் உட்காருவதைத் தன் பெயரிலேயே வைத்திருப்பது உபதேசியார் என்ற பழஞ்சொல்தான்.

பிரசங்கம் நூறு பேரை ஒன்றாகச் சேரும். விசுவாசத்தில் தளர்ந்துபோன ஒருவரைத் தூக்கி நிறுத்த, அவர் வீட்டுக்கு ஒருவர் போகத்தான் வேண்டும். அதற்குப் பட்டம் தேவையில்லை. சபைகள் இந்தப் பெயரையும் ஊழியத்தையும் கைவிடக் கூடாது. உங்கள் தெருவில் அப்படித் தளர்ந்தவர் யாரேனும் இருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள்.