ஹாகுவா கோட்டை

ஹாகுவா கோட்டை என்பது கியூபாவின் தென்கரையில், சியென்ஃபுவேகோஸ் விரிகுடாவின் வாயிலில் அமைந்துள்ள 18ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் கடற்கோட்டை ஆகும். வானதூதர்களின் அன்னையாகிய மரியாளின் பெயரும் இதன் முழுப்பெயரில் இடம்பெற்றுள்ளது. 2013இல் யுபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட "அசாசின்ஸ் கிரீட் 4: பிளாக் ஃபிளாக்" என்னும் நிகழ்பட ஆட்டத்தில் இக்கோட்டை இடம்பெறுவதால், கியூபாவுக்கு வெளியிலும் பலர் இதன் பெயரை அறிவர்.

வரலாறு

விரிகுடாவைச் சூழ்ந்த பகுதி, தாயினோ பழங்குடியினர் காலத்திலிருந்தே ஹாகுவா என வழங்கப்பட்டது. 1508இல் கியூபாவைச் சுற்றிக் கப்பலோட்டிய செபாஸ்தியான் தே ஒக்காம்போ இவ்விரிகுடாவுக்குள் வந்தார். ஆயினும் ஸ்பானியர் நெடுங்காலம் இங்கே நகரம் எதையும் அமைக்கவில்லை. காவலற்ற இந்நீர்ப்பரப்பு கடற்கொள்ளையருக்கும், ஜமேக்காவிலிருந்து கள்ளச்சரக்கு கொண்டுவந்தோருக்கும் வாய்ப்பாக அமைந்தது. நன்னீரும் விறகும் இங்கே கிடைத்தன. புயலுக்கு ஒதுங்கவும் இடமிருந்தது.

இதைத் தடுக்க, மன்னர் ஐந்தாம் பிலிப்பின் ஆட்சியில் 1730களில் கோட்டைப் பணி தொடங்கி 1745இல் நிறைவுற்றது. பிரித்தானியருடனான போர் 1739இல் மூண்டதும், 1741இல் அவர்களது படை குவாந்தானமோவில் இறங்கியதும் இக்கட்டுமானக் காலத்திலேயே நிகழ்ந்தவை. லூயி தே குளூவே தலைமையில் பிரெஞ்சுக் குடியேறிகள் நகரத்தை நிறுவியது 1819இல்தான். அதாவது கோட்டை முற்றுப்பெற்று 74 ஆண்டுகள் கழிந்த பின்னரே அது காப்பதற்கு ஒரு நகரம் உருவாயிற்று.

அமைப்பு

கோட்டை அளவில் பெரியதன்று. அகழி, மரத்தாலான தூக்குப்பாலம், சிறிய வழிபாட்டுக்கூடம், குவிமாடத்துடன் கூடிய காவற்கோபுரம் ஆகியவை இதன் உறுப்புகள். இதன் வலிமை மதிலைவிட அமைவிடத்தையே சார்ந்தது. ஏறத்தாழ 88 சதுர கி.மீ. பரப்புள்ள விரிகுடாவுக்குள் கடலிலிருந்து நுழைய ஒரு குறுகிய கால்வாய் மட்டுமே உண்டு. பாய்மரக் கப்பல் அதில் மெதுவாகவே செல்லமுடியும். அதன் மேற்குக் கரையிலுள்ள கோட்டையின் பீரங்கிகளைத் தவிர்த்துச் செல்ல வேறு வழியில்லை.

நிகழ்பட ஆட்டத்தில்

ஆட்டத்தின் கதை 1715 முதல் 1722 வரையிலான கரிபியக் கடலில் நிகழ்கிறது. ஆட்டக்காரர் எட்வர்டு கென்வே என்னும் கற்பனைக் கொள்ளையராக "ஜாக்டா" என்ற கப்பலைச் செலுத்துகிறார். கடற்கோட்டைகளைக் கைப்பற்றும் முறை பெரும்பாலும் ஒன்றே: முதலில் கப்பலிலிருந்து சுட்டு அரண்களைத் தகர்க்கவேண்டும், பின்னர் கரையேறி அதிகாரிகளை வீழ்த்தி, உள்ளறையில் இருக்கும் தளபதியைக் கொல்லவேண்டும். கோட்டை வசமானதும் அப்பகுதியின் வரைபடம் திறக்கும்.

இங்குள்ள காலப்பிழை கவனிக்கத்தக்கது. ஆட்டம் காட்டும் ஆண்டுகளில் ஹாகுவாவில் கோட்டையே இல்லை. அக்காலத்தின் பெயர்பெற்ற கொள்ளையர்களுள் பிளாக்பியர்டு 1718இலும், பார்த்தலோமியு ராபர்ட்ஸ் 1722இலும் கொல்லப்பட்டனர். கோட்டையின் அடித்தளம் இடப்பட்டது அதன் பின்னரே. கடற்கொள்ளையருக்கு எதிராகப் பின்னாளில் எழுந்த கோட்டையை, அவர்களே முன்கூட்டிக் கைப்பற்றுவதாக ஆட்டம் அமைந்துவிட்டது. விளையாட்டு என்ற அளவில் இது குறையாகாது. ஆட்டத்தைக் கொண்டு வரலாற்றைக் கற்கும் மாணவர் ஆண்டுகளைத் தனியே சரிபார்ப்பது நன்று.

உண்மையான ஹாகுவாவின் தனித்தன்மையும் ஆட்டத்தில் வெளிப்படுவதில்லை. திறந்த கடலில் கப்பலைச் சுழற்றிச் சுழற்றிச் சுடுவதற்கு ஏற்ப அதன் கோட்டைப் போர்கள் வகுக்கப்பட்டுள்ளன. ஒடுங்கிய கால்வாய்க்குள் அத்தகைய போர் இயலாது. அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதன் நோக்கமும் அதுவே.

நாட்டார் கதை

நீல உடை அணிந்த பெண்ணின் ஆவி இரவில் கோட்டையில் உலவும் என்பது இப்பகுதியின் பழங்கதை. ஆவியை வாளால் எதிர்த்த காவல்வீரன் ஒருவன் மறுநாள் காலையில் சித்தம் கலங்கிக் கிடந்தான் என்றும், அவனருகில் நீலத்துணி ஒன்று கிடந்தது என்றும் அக்கதை கூறுகிறது.