புழுங்கலும் பெரிபெரியும்: மலாயா மருத்துவ வரலாற்றில் ஒரு பக்கம்

நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின் குத்தி எடுப்பதைப் புழுங்கல் அரிசி என்கிறோம். அவிக்காமல் குத்துவதைப் பச்சரிசி என்கிறோம். அடுக்களைச் சொற்கள் என்று நாம் எளிதாகக் கடந்துபோகும் இவ்விரண்டும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் யார் பிழைத்தார், யார் மாண்டார் என்பதைப் பிரித்துக் காட்டும் கோடாக நின்றன. அக்கோடு கண்டறியப்பட்ட வரலாற்றையே இவ்வுரையில் காண்போம்.

பெரிபெரி என்னும் நோயில் முதலில் கால்கள் மரத்துப்போகும், நடை தளரும். சிலர்க்கு உடல் முழுதும் நீர் கோத்து வீங்கும். இறுதியில் இதயம் செயலிழக்கும். பெயரின் பிறப்புப் பற்றி இரண்டு கருத்துகள் உள்ளன. சிங்களத்தில் 'இயலாது' எனப் பொருள்படும் சொல் இரட்டித்து வந்தது என்பது ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் சாவகத்தில் வாழ்ந்த டச்சு மருத்துவர் போன்டியஸ் கூறியது மற்றொன்று: நோயாளி ஆட்டைப் போல் நடப்பதால் இப்பெயர் வந்தது என்றார் அவர். மலாய்மொழியில் செம்மறியாட்டுக்குப் 'பிரிபிரி' என்று பெயர். நமக்கு முன்னதே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. எனினும் ஒலி ஒப்புமையைக் கொண்டு மட்டும் முடிவு கட்டுதல் மொழியியலார்க்கு அழகன்று.

மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களை இந்நோய் ஆயிரக்கணக்கில் வாரிச் சென்றது. தோட்டங்களில் உழைத்த தமிழர்களிடையே அது அரிதாகவே காணப்பட்டது. இது இனத்தின் இயல்பா, இருப்பிடத்தின் கேடா, மண்ணில் உறையும் கிருமியா என்று காலனிய மருத்துவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தனர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் லெனார்ட் பிராடன் உணவுத் தட்டைப் பார்த்தார். சீனர் உண்டது ஆலையில் வெண்மையாகத் தீட்டிய சயாம் அரிசி. தமிழர் உண்டது புழுங்கல். மலாய்க் கிராமத்தார் உண்டது தங்கள் நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்திய அரிசி. 1907இல் அவர் தம் நூலை வெளியிட்டார். தீட்டிய அரிசியில் நஞ்சு உண்டாகிறது என்று அவர் கூறிய காரணம் பிழையானது. ஆனால் அவர் சுட்டிய இடம் சரியானது.

அவர் கூற்றை ஐயுற்றவர்களுள் ஒருவர் டாக்டர் வில்லியம் பிளெச்சர். கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் 1905 இறுதியில் அவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு கூடத்துக்கும் இரட்டைப்படை எண்ணினர் மற்றொரு கூடத்துக்கும் அனுப்பப்பட்டனர். ஒரு சாரார்க்குத் தீட்டிய சயாம் அரிசி; மறுசாரார்க்குப் புழுங்கல். இடையில் கூடங்களையும் மாற்றிப் பார்த்தார். நோய் இடத்தைப் பற்றி நிற்கவில்லை, அரிசியைத் தொடர்ந்தே சென்றது. வெள்ளை அரிசி உண்டோருள் 18 பேர் இறந்தனர். புழுங்கல் உண்டோரிடையே இருவர்க்கு மட்டுமே நோய் காணப்பட்டது. அவர்களும் காப்பகத்துக்கு வரும்போதே அதைக் கொண்டு வந்தவர்கள்.

மருத்துவ நூல்கள் இச்சோதனையைப் பாராட்டுகின்றன, பாராட்டத்தக்கதே. ஆயினும் அந்தப் பதினெண்மரின் பெயர்களை எந்த நூலும் நமக்குச் சொல்வதில்லை. மறுக்கவும் வழியற்ற மனிதர்கள்மேல் நடத்திய சோதனை அது என்பதை மாணவர்கள் அறிந்தே படிக்கவேண்டும்.

அடுத்து, கோலாலம்பூரில் 1900இல் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபு வட்டாரத்தில் சாலை அமைத்துக்கொண்டிருந்த சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரிடம் இதே ஒப்பீட்டைச் செய்தனர். முடிவு மாறவில்லை. பின்னர்க் கோழிகளுக்கு அரிசியும் தவிடும் கொடுத்து ஆராய்ந்து, தீட்டும்போது நீங்கும் மேலுறையில்தான் உயிர்காக்கும் பொருள் உள்ளது என்று நிறுவினர்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்தின் ஒரு பகுதி நீரோடு மணியின் உட்புறம் ஊர்ந்து செல்கிறது. அதனால் பின்னர்த் தீட்டினாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை. நம் முன்னோர் இதை அறிந்தே நெல்லை அவித்தனர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. அவித்த நெல்லின் உமி எளிதில் பிரியும். குத்தும்போது அரிசி நொறுங்காது. உழவர்க்கு இப்பயன்களே போதுமானவை. மேலும், பெரிபெரிக்குத் தப்பிய அதே தமிழர்கள் தோட்டங்களில் மலேரியாவுக்குப் பெருந்தொகையினராக இரையாயினர். புழுங்கல் அங்கே உதவவில்லை.

இங்கே சொல் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பச்சரிசியே நோய் தருவது என இவ்வரலாற்றைச் சிலர் சுருக்கிச் சொல்வதுண்டு. வீட்டில் குத்திய அவியாத அரிசியை உண்ட மலாய்க் கிராமத்தாரிடையே நோய் அரிதாக இருந்ததை அவர்கள் மறந்துவிடுகின்றனர். பச்சை, புழுங்கல் என்னும் இணை, அவித்தலை மட்டுமே குறிக்கிறது. கேட்டை விளைத்ததோ ஆலையின் தீட்டல். பிளெச்சர் காலத்து ஆங்கில அறிக்கைகள் புழுங்கலைப் 'பதப்படுத்தியது' என்னும் பொருளில் 'கியூர்டு' என்று குறித்தன. அச்சொல்லுக்கே 'நோய் தீர்ந்தது' என்ற பொருளும் இருப்பது தற்செயலே. தமிழில் இவ்வரலாற்றைக் கற்பிப்போர் 'தீட்டிய பச்சரிசி' என்று முழுமையாகச் சொன்னாலன்றிப் பொருள் விளங்காது.

1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய அரிசியே பெரிபெரிக்குக் காரணம் என ஏற்றது. 1912இல் காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்னும் சொல்லை ஆக்கினார். 'உயிர்ச்சத்து' என நாம் அதைத் தமிழாக்கினோம். இவ்வளவும் அறியப்பட்ட பின்னரும், 1942க்குப் பின் சப்பானியர் ஆட்சியில் நோய் திரும்பி வந்தது. சாங்கிச் சிறைமுகாமில் வெள்ளை அரிசியை உண்டு கால் வீங்கிய போர்க்கைதிகளுக்கு முகாம் மருத்துவர்கள் தேடித் தேடிக் கொடுத்த மருந்துகளுள் ஒன்று, ஆலைகள் கழித்துப்போட்ட தவிடு.