ஒரே ஒரு தோட்டா

பி.எஸ்.ஏ. என்றதும் நம் வயதுக்காரர்களுக்குச் சைக்கிள்தான் ஞாபகம் வரும். அந்த மூன்றெழுத்தின் விரிவு பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-இல் இங்கிலாந்தில் துப்பாக்கி செய்வதற்கென்றே தொடங்கிய கம்பெனி. மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாத்தி நிறுத்திய படம்தான் அதன் முத்திரை. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பின்னால் வந்தவை.

ரைபிள் கிளப்பில் சேர்ந்திருக்கும் என் தங்கை பேரன் போன மாதம் கடையம் வந்திருந்தபோது, "தாத்தா, ஒரே தோட்டா போடுகிற பழைய துப்பாக்கியை வைத்துப் போட்டியில் சுட முடியுமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

1871-இல் பிரிட்டிஷ் ராணுவம் மார்ட்டினி-ஹென்றி என்ற துப்பாக்கியை எடுத்துக்கொண்டது. விசைக்குக் கீழே ஒரு நெம்புகோல். அதைக் கீழே தள்ளினால் உள்ளே இருக்கும் இரும்புக் கட்டை இறங்கி வழிவிடும். ஒரு தோட்டாவைப் போட்டு, நெம்புகோலை மேலே இழுத்தால் சுடத் தயார். 1888-இல் பல தோட்டாக்கள் கொள்ளும் மேகசின் துப்பாக்கி வந்தது. போருக்கு மார்ட்டினி பழசாகிப் போனது.

ஆனால் அதற்கு இன்னொரு வாழ்வு கிடைத்தது. 1899-இல் தொடங்கிய போயர் போரில், தென்னாப்பிரிக்கக் குடியானவர்களின் குறி தவறாத சூட்டில் பிரிட்டிஷ் படை திணறியது. சாதாரண மக்களுக்கும் சுடப் பழக்க வேண்டும் என்று 1901 முதல் இங்கிலாந்தில் ஊர் ஊராகக் கிளப்புகள் முளைத்தன. செலவு குறைந்த, உதைப்பு இல்லாத .22 தோட்டா அதற்குத் தோதாக இருந்தது. பி.எஸ்.ஏ. கம்பெனி மார்ட்டினி அமைப்பையே சிறிதாக்கி, கனமான குழல் பூட்டி, .22 குறிசுடும் துப்பாக்கிகள் செய்தது. 12, 15, பிறகு 12/15, அதற்கும் பிறகு மார்ட்டினி இன்டர்நேஷனல் என்று அந்த வரிசை பல பத்தாண்டுகள் ஓடியது.

ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்? மேகசினுக்காகக் குடைய வேண்டியதில்லை என்பதால் உடல் உறுதியாக இருக்கும். விசையை இழுத்ததற்கும் தோட்டா வெடிப்பதற்கும் இடையே உள்ள நேரம் மிகக் குறைவு. கை நடுங்க அவகாசம் இல்லை. அதோடு, ஒவ்வொரு தடவையும் கையால் தோட்டா போட வேண்டியிருப்பதால், சுடுகிறவன் மூச்சை நிதானப்படுத்திக்கொண்டுதான் அடுத்ததற்குப் போவான்.

நம் நாட்டில் ஒரே தோட்டாவுக்குக் காரணமே வேறு. 1801-இல் ஊமைத்துரையின் போர் முடிந்ததும், பாளையக்காரர் கோட்டைகளை இடித்து ஆயுதங்களைப் பறித்தது கம்பெனி அரசு. 1857-க்குப் பிறகு, வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கொடுத்ததைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கிதான் இந்தியச் சிப்பாய்க்கு. 1878-இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைக்கக் கூடாது என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு. போலீஸுக்கு வந்த .410 மஸ்கட்டோ, ராணுவ ரைபிளின் மேகசினில் மரக்கட்டையை அடைத்து, ஒரே தோட்டா மட்டும் போகும்படி செய்தது. அங்கே குறிக்காக விரும்பி ஏற்றதை இங்கே நம்பிக்கையில்லாமல் திணித்தார்கள்.

அந்த நிலை நம் மாதிரி வீடுகளுக்கு மாறியது 1948-இல் என்.சி.சி. வந்த பிறகுதான். சீனப் போருக்குப் பின் 1963 முதல் கல்லூரிகளில் அது கட்டாயமானது. பாளையங்கோட்டையில் படித்தபோது, 1966-இல், நானும் காக்கி போட்டேன். எங்கள் குடும்பத்தில் துப்பாக்கியைத் தொட்ட முதல் ஆள் நான்தான்.

'பாயின்ட் டூ டூ' என்போம். லீ என்ஃபீல்டு சாயலில் போல்ட் வைத்த .22. தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால்தான் போடுவோம். 25 கஜ தூரம், குப்புறப் படுத்து ஐந்து தோட்டா. சுட்டு முடித்ததும் ஐந்து வெற்றுக் கூட்டையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். வரிசையில் இருந்த துப்பாக்கிகளில் புதிதாகப் பளபளத்ததற்குத்தான் பையன்கள் முண்டியடிப்பார்கள். எங்கள் ஹவில்தார் சிரித்துக்கொண்டே, கட்டை தேய்ந்துபோன ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். குழலுக்குள் வெளிச்சம் தெரியப் பார்க்கச் சொன்னார். திருகு வரிகள் கண்ணாடி மாதிரி தெரிந்தன. அன்று என் ஐந்து ஓட்டைகளையும் ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம்.

பேரனுக்கும் அதைத்தான் சொன்னேன். முதலில் குழல். வாய்ப்பக்கத்தில் வரிகள் மழுங்காமல் இருக்க வேண்டும். அந்தக் காலத்துத் தோட்டா மருந்தின் கசடு, துடைக்காமல் விட்டால் இரும்பை அரித்துவிடும். நம் பக்கச் சாரல் காலத்தில் கேட்கவே வேண்டாம். அடுத்து, நெம்புகோலை மூடினால் கட்டை ஆட்டமில்லாமல் பொருந்த வேண்டும். விசை இழுபடாமல் சட்டென்று விட வேண்டும். சுட்ட கூட்டை வெளியே தள்ளும் கொக்கி தேய்ந்திருக்கக் கூடாது. கண்ணருகே வைக்கும் துளைக்குறி காணாமல் போயிருந்தால் இப்போது கிடைப்பது சிரமம். மரக்கட்டையின் கீறலைப் பொருட்படுத்த வேண்டாம். இதற்கெல்லாம் முன்னால், 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ். காகிதம் சரியில்லாத துப்பாக்கி எவ்வளவு நல்லதானாலும் தொடக் கூடாது.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஹரிஹர் பானர்ஜி 50 மீட்டர் ரைபிளில் இந்தியாவுக்காகச் சுட்டார். அதே 50 மீட்டரில், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் மூன்று நிலைப் போட்டியில், கோலாப்பூர் மாவட்டக் கிராமத்துப் பையன், ரயில்வே டிக்கெட் பரிசோதகர் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினார். அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவு. டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். துப்பாக்கியின் உருவம் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனாலும் அவர் ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒரே ஒரு .22 தோட்டாவைக் கையால் எடுத்துத்தான் உள்ளே வைத்தார்.