கனவுநிலைப் புதினமும் வாசகர் கூட்டுறவும்: கடலூர், சிதம்பரம் சார்ந்த ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்ப் புதினத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் நூல்களையும் நூலாசிரியர்களையும் ஆண்டு வரிசையில் நிறுத்தினர். பதிப்பித்தோரையும் ஓரளவு நினைந்தனர். படித்தோரைக் கருதியவர் மிகச் சிலரே. பல்லாயிரவர் படித்த கதைக்கு இக்குறை பெரிதன்று. அதன் விற்பனையே சான்றாக நிற்கும். நனவும் கனவும் பிரித்தறிய இயலாவாறு மயங்கிக் கிடக்கும் புனைகதைக்கோ அச்சான்று இல்லை. நூலைக் கைமாற்றிக் கொடுத்தும், அதுபற்றி உரையாடியும், கருத்து மாறுபட்டும் அதனைக் காத்தவர் சிலரே. அச்சிலரின் வரலாறும் அந்நூலின் வரலாற்றில் ஒரு கூறு என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வின் எல்லை

கெடிலக் கரைக் கடலூருக்கும் தில்லைக்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவு உண்டு. இச்சிறு நிலப்பகுதி இக்கால உரைநடைப் புனைவோடு மூவகையில் தொடர்புற்றது. புதுமைப்பித்தன் எனப் புகழ்பெற்ற சொ. விருத்தாசலம் 1906ஆம் ஆண்டு திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். மௌனி எனப்பட்ட எஸ். மணி பிற்காலத்தில் சிதம்பரத்தில் குடியமர்ந்து, 1985இல் மறையும் வரை அங்கு வாழ்ந்தார். நகுலன் என்னும் பெயரால் எழுதிய டி. கே. துரைசாமி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலைப் பட்டம் பெற்றார்.

மூவரையும் இவ்வூர்களே உருவாக்கின என்று கூறின் அது மிகையாகும். புதுமைப்பித்தன் கல்லூரியில் பயின்றது நெல்லையில். மௌனி தம் பெயரை நிலைநிறுத்திய கதைகளை எழுதியது கும்பகோணத்தில். நகுலன் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றி வாழ்ந்தது திருவனந்தபுரத்தில். ஆயினும், இவ்வகை எழுத்தின் வாசகரைத் தேடிப் புறப்படுவோர்க்கு இவ்வூர்கள் தக்கதொரு தொடக்கமாகும்.

பழைய கனவும் புதிய கனவும்

கனவு தமிழ்க் கதைக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கனவைத் தேவந்தியிடம் உரைக்கிறாள். கோவலன் மாடலனிடம் உரைக்கிறான். கோப்பெருந்தேவியும் தான் கண்ட தீக்கனாவை எடுத்துரைக்கிறாள். மூன்றும் பின்வரும் நிகழ்ச்சியை முன்னரே உணர்த்துவன. நிகழ்ச்சி வந்து கனவை மெய்ப்பித்தவுடன் அதன் பொருள் முற்றுப்பெறுகிறது. தனியே இருந்து கற்போனும் அதனை ஐயமின்றி அறிவான்.

இருபதாம் நூற்றாண்டுக் கனவுப் புனைவில் கனவை மெய்ப்பிக்கும் நிகழ்ச்சி பின்னர் வருவதில்லை. கனவே நிகழ்ச்சியாகி விடுகிறது. மேலைநாட்டில் இப்போக்கு 'சர்ரியலிசம்' என்னும் பெயரோடு ஓர் இயக்கமாயிற்று. தமிழில் இதனை மீமெய்ம்மையியல் என்பர். ஆந்திரே பிரெத்தோன் 1924இல் பாரிசில் இதன் கொள்கை அறிக்கையை வெளியிட்டார். 1928இல் 'நாட்ஜா' என்னும் நூலை எழுதினார். அவ்வறிக்கைக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1920இல், அவரும் ஃபிலிப் சூப்போவும் இணைந்து ஒரு நூலை எழுதி வெளியிட்டிருந்தனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஆகவே கூட்டுறவு இவ்வகை எழுத்துக்குப் பிறப்பிலேயே அமைந்த இயல்பு எனலாம். அங்கே கூடி எழுதினர். தமிழகத்தில் கூடிப் படித்தனர். இவ்வேறுபாடே நம் வரலாற்றின் தனித்தன்மை என யாம் கருதுகிறோம்.

மௌனியையும் நகுலனையும் பாரிசு இயக்கத்தின் வழிவந்தோர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. கடல்கொண்ட நகரைக் கதைக்களமாக்கிய புதுமைப்பித்தனின் 'கபாடபுரம்' போன்றவற்றோடு சேர்த்து, அவ்வியக்கத்திற்கு அயல்நிற்கும் எழுத்து என்று இவற்றைக் கொள்வதே தகும்.

மௌனியும் அவர்தம் வாசகரும்

1933இல் தோன்றிய 'மணிக்கொடி', பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் 1935 முதல் சிறுகதை இதழாக நடந்தது. மௌனியின் கதைகள் 1936 முதல் அதில் வெளிவந்தன. 'அழியாச்சுடர்' என்னும் கதையில் கோயிற்றூணின் யாளி உயிர்பெற்று எழுவது போன்றதொரு காட்சி வருகிறது. அது மருட்சியோ மெய்யோ என்பதைக் கதை தீர்த்துரைப்பதில்லை. தீர்வைப் பிறரோடு பேசித் தேடும் பொறுப்பு வாசகனிடம் விடப்படுகிறது.

அக்கதையின் பெயரையே தாங்கிய தொகுதி 1959ஆம் ஆண்டுதான் நூலாக வெளிவந்தது. முதற்கதை இதழில் வந்ததற்கும் நூல் வந்ததற்கும் இடையே 23 ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் மௌனியைப் படிக்க விரும்பியோர் பெரும்பாலும் பழைய இதழ்களைத் தேடி, வைத்திருந்தவரிடம் இரவல் பெற்றே படித்தல் வேண்டும். சிறுகதையின் திருமூலர் என்று புதுமைப்பித்தன் அவரைக் குறித்த தொடர் வாய்மொழியாகப் பரவியதும் இத்தகைய வாசகரிடையேதான்.

1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' 1970 வரை நடந்தது. அவ்விதழில் மௌனியின் கதைகள் ஆராயப்பட்டன. அவ்விதழில் எழுதத் தொடங்கிய திரிகோணமலை இளைஞர் தருமு சிவராமு, 1967இல் 'மௌனி கதைகள்' தொகுதிக்கு முன்னுரை எழுதினார். பிரமிள் எனப் பின்னர்ப் பெயர்பெற்றவர் இவரே. கடல்கடந்த வாசகர் ஒருவர் தில்லையில் வாழ்ந்த ஆசிரியரின் நூலுக்கு முன்னுரைகாரரான இந்நிகழ்ச்சியை, தமிழ் வாசகர் வரலாற்றில் ஒரு மைல்கல் எனல் பொருந்தும்.

நினைவுப்பாதை

சிறுகதையில் கண்ட இம்மயக்கத்தைப் புதினத்தில் நெடிது நடத்தியவர் நகுலன். 'நிழல்கள்' 1965இலும், 'நினைவுப்பாதை' 1972இலும், 'நாய்கள்' 1974இலும், 'நவீனன் டைரி' 1978இலும் வெளிவந்தன. நவீனன் என்னும் எழுத்தாளனும், சுசீலா என்னும் பெயரும் நூலுக்கு நூல் மீண்டும் மீண்டும் வருகின்றனர். நினைவும் உரையாடலும் படித்த நூல்களும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. இப்புதினத்தில் வாசிப்பே கதைப்பொருளாகி விடுகிறது. ஆகவே இதைப் படிப்போர் தம்மையும் அதன் மாந்தருள் ஒருவராகவே உணர்கின்றனர்.

இங்கு எம் அனுபவம் ஒன்றைச் சான்றாகக் கூற வேண்டியுள்ளது. யாம் மாணவராயிருந்த 2000ஆம் ஆண்டளவில், கடலூர் நண்பர் ஒருவர் வழியாக 'நினைவுப்பாதை'யின் ஒளிநகல் ஒன்று சிதம்பரத்தில் எம் விடுதி அறைக்கு வந்தது. அதன் ஓரங்களில் மூவர் கையெழுத்துகள் இருந்தன. சுசீலா இறந்துபோனவள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவள் என்றுமே இருந்ததில்லை என்று மற்றொருவர் கீழே மறுத்திருந்தார். மூன்றாமவர், ஐந்தாம் முறை படித்து முடித்த நாளை மட்டும் குறித்திருந்தார். தனியே படித்தபோது எம் அறியாமை என யாம் நாணிய இடங்களிலேயே அவர்களும் நின்று தடுமாறியிருந்தனர். நூல் அன்றுதான் எமக்குத் திறந்தது. அப்படியை யாமும் இரவல் கொடுத்தோம், அது திரும்பவில்லை. குறிப்புகளைப் படியெடுத்து வைக்கத் தவறியது எம் குற்றமே. மூன்று வாசகரின் சான்று அதனோடு மறைந்தது.

ஒரு தடையும் விடையும்

இத்தகைய வாசகர் கூட்டு குறுங்குழுவாகி, எளிதில் விளங்காமையையே பெருமையாகப் போற்றும் என ஒரு தடை எழுப்பலாம். அத்தடையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயின், கூட்டிற்குள் மறுப்புக்கு இடமுண்டா என்பதே அதனை அளக்கும் கோலாகும். இறையனார் களவியலுரை, நக்கீரர் தொடங்கி முசிறி நீலகண்டனார் வரை, வழிவழியாக வாய்மொழியில் வந்தது என அவ்வுரையே கூறுகிறது. ஒரு நூலின் பொருளைக் கேட்போர் வரிசை காத்து வரும் என்னும் எண்ணம் நம் மரபில் வேரூன்றியதே. அதுபோலவே, சேக்கிழார் பெரியபுராணத்தைத் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் ஓராண்டுக் காலம் விரித்துரைத்தார் என்பது மரபுச் செய்தி. பலர் கூடிக் கேட்டதும் நூலின் வரலாறாகவே போற்றப்பட்டு வந்துள்ளது. அங்கு கேட்போர்க்கு நம்பிக்கை பொதுவாயிருந்தது. இக்காலக் கூட்டில் ஐயம் பொதுவாயுள்ளது. கூடியிருத்தல் மட்டும் மாறவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் கனவுநிலைப் புனைவு தமிழில் நிலைபெற்றதற்கு அச்சகத்தினும் வாசகர் நட்பே பெருங்காரணம் என்பது போதரும். எம் போன்ற தமிழ்த்துறைகள் ஏடுகளைத் தேடிக் காத்த பெருமைக்குரியன. அச்சு நூலின் ஓரக்குறிப்பைக் காக்கும் வழக்கம் இன்னும் நம்மிடம் வேரூன்றவில்லை. 'எழுத்து' இதழை வெளிவந்த காலத்திலேயே வாங்கிப் படித்தோர் இன்று முதுமை எய்தியுள்ளனர். பலர் மறைந்தும் போயினர். அவர்கள் இல்லங்களில் இதழ்களும் மடல்களும் அடிக்கோடிட்ட படிகளும் எஞ்சியிருத்தல் கூடும். கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள ஆய்வு மாணவர் அவற்றை நாடிச் சென்று, உடையவர் இசைவுடன் படியெடுத்துப் பாதுகாத்தல் வேண்டும். எம்மிடமிருந்து நழுவிய ஒரு படிக்கு ஈடாக இதனையேனும் வேண்டிக்கொள்கிறோம்.