அம்பின் கனம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வசிக்கும் என் அக்காவின் மகனிடமிருந்து சென்ற வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, பத்து வயதில் பெற்றோருடன் நாட்டைவிட்டுப் போனவன் அவன். அங்கே முறைப்படி பயிற்சி வகுப்பை முடித்து, உரிமமும் பெற்று, வருகிற இலையுதிர் காலத்தில் வில்லுடன் மான் வேட்டைக்குப் போக ஆயத்தமாகிறானாம். "மாமா, காபன் அம்பு வாங்குவதா, அலுமினிய அம்பு வாங்குவதா? நீங்கள் எதையும் தேடிப் படிக்கிறவர், சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தான்.

தேயிலை விலையையும் சம்பளப் போராட்டங்களையும் எழுதியே பத்திரிகைத் தொழிலில் முடி நரைத்தவன் நான். அம்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆயினும் கேட்டவன் மருமகன். பழைய பழக்கத்தில் தேடத் தொடங்கினேன். தேடல் கனடாவில் தொடங்கி நம் மலைகளில் வந்து முடிந்தது. அதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் அவன் கேள்விக்கு விடை. அமெரிக்காவில் டக் ஈஸ்டன் என்பவர் 1939இல் அலுமினியக் குழாயில் அம்பு செய்யத் தொடங்கினார். மரத்தில் ஒரு தண்டு போல் மறு தண்டு அமைவதில்லை. உலோகக் குழாயில் அது கைகூடியது. அலுமினிய அம்பின்மேல் 2219 என்பது போன்ற ஓர் எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் அம்பின் விட்டத்தை அங்குலத்தின் 64இல் ஒரு பங்காகவும், அடுத்த இரண்டும் குழாய்ச் சுவரின் தடிப்பை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறிப்பவை. விலை மலிவு, கனம் சற்று அதிகம், ஆனால் ஒருமுறை வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். காபன் இழை அம்புகள் 1980களுக்குப் பின் பரவின. அவை இலேசானவை, வேகமானவை. அவை வளைந்து கிடப்பதில்லை. ஒன்று நேராக இருக்கும், இல்லையேல் முறியும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்த காபன் அம்பை நாணில் பூட்டி விட்டால் அது சிதறி எய்பவன் கையிலேயே பாயக்கூடும். ஆகவே ஒவ்வொரு முறையும் மெல்ல வளைத்துப் பார்த்த பிறகே எய்யவேண்டும்.

இவற்றிலும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. துப்பாக்கிக் குண்டைப் போல அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. கூரிய முனை உள்ளே வெட்டிச் சென்று, குருதி வடிந்தே விலங்கு இறக்கிறது. முனை ஆழமாகப் போகவேண்டும். அதற்குக் கனம் உதவும். இலேசான அம்பு வேகமாகப் போய் எலும்பில் பட்டு நின்றுவிட்டால், அந்த விலங்கு காட்டுக்குள் ஓடி நாட்கணக்கில் வதைபடும். காபனா அலுமினியமா என்ற வாதத்தின் அடியில் இருப்பது, கொல்வது என்று தீர்மானித்தபின் அந்தச் சாவு எவ்வளவு விரைவாக இருக்கவேண்டும் என்ற கேள்விதான்.

இக்கேள்வி நம் நாட்டுக்குப் புதியதன்று. 1660இல் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இங்கே வாழ்ந்து தப்பிச்சென்ற றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் வேடர்களின் அம்பு வாங்கும் முறையைப் பதிந்திருக்கிறார். இரவில் கொல்லன் பட்டறைக்கு வரும் வேடன் இறைச்சியைத் தொங்கவிடுவான். தனக்கு வேண்டிய அம்புமுனை எந்த வடிவில் இருக்கவேண்டுமோ அந்த வடிவில் ஓர் இலையை வெட்டி அதனருகே வைப்பான். கொல்லன் அதன்படியே செய்து அதே இடத்தில் வைத்துவிட்டால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் ஏதோ ஓர் இரவில் அம்பு வரும். ஒரு சொல்லும் பேசாமல் நடந்த வணிகம் அது. ஆனால் அந்த இலையைப் பாருங்கள். எந்த அளவு, எந்த வடிவு என்பதில் அம்மனிதனுக்கு எத்தனை தெளிவு! என் மருமகன் இன்று மின்னஞ்சலில் கேட்பதை அவன் அன்று இலையில் எழுதியிருக்கிறான்.

1911இல் வேடர்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், அம்பு அவர்களுக்கு வெறும் கருவி அல்ல என்று காட்டினார்கள். 'அவுடே' என்னும் நீண்ட இரும்பு அலகுடைய சடங்கு அம்பை முன்வைத்து, கந்தே யக்கா என்னும் வேட்டை முன்னோனின் ஆவிக்கு அவர்கள் ஆடிப் படையலிட்டார்கள். வேட்டை கிடைக்க வேண்டுதல், கிடைத்தபின் நன்றி. இரண்டும் அம்பின் முன்னால்தான்.

வேடர் நிலம் மலையகத்தின் கிழக்குச் சரிவுக்கு அப்பால், மஹியங்கனைப் பக்கம். நுவரெலியா உயர்நிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டை வேறு கைகளுக்குப் போனது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் றொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அடுத்து வந்தவர் சாமுவேல் பேக்கர். ஹோட்டன் சமவெளியின் பேக்கர் அருவி அவர் பெயரைத் தாங்கியது. யானைக்குக் கனமான குண்டும் மிகுதியான மருந்தும் வேண்டும் என்று வாதிட்டவர் அவர். மரையை வேட்டை நாய்களை விட்டு மறித்து, கத்தியால் குத்திக் கொன்றவர். கத்தியின் அமைப்பைக்கூட நுணுக்கமாக எழுதி வைத்தார். அவரை மெச்சுவது என் எண்ணமன்று. உண்பதற்கு மிஞ்சிக் கொன்றவர் அவர். ஆனால் அவருக்கும் கருவி ஒரு கேள்வியாக இருந்தது.

அதே நூற்றாண்டில் கோப்பி வந்தது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த எம் முன்னோர் துரைமாரின் கட்டளைப்படி மலைச்சிகரம் வரை காட்டை வெட்டினார்கள். காடு குறைந்தபின், தோட்டத் துரைமாரே முன்நின்று 1894இல் வேட்டை விலங்குகளைக் காக்கச் சங்கம் அமைத்தார்கள். 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது தம்பானை வேடர்களுக்கே தம் வேட்டைக் காடு விலக்கப்பட்ட இடமாயிற்று. முதுபெரும் தலைவர் ஊருவரிகே திஸாஹாமி இடம்பெயர மறுத்து, 1998இல் இறக்கும்வரை தம் மண்ணிலேயே இருந்தார்.

அம்பு போனது. அதன் இடத்துக்கு வந்தது என்ன? எம் தோட்டங்களில் வந்தது சுருக்குக் கம்பி.

மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி ஒரு முழம் போதும். மரக்கறிப் பாத்தியின் வேலியில் ஒரு வளையம். காட்டுப்பன்றிக்கு என்றுதான் வைக்கிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு மரக்கறித் தோட்டத்துக் கம்பியில் கழுத்து இறுகிக் கிடந்தது ஒரு கருஞ்சிறுத்தை. இந்நாட்டில் மிக அரிதாகவே காணப்பட்ட விலங்கு. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்தது. அதற்கு முன்னும் பின்னும் தேயிலை மலைகளில் சிறுத்தைகள் இவ்வாறு சிக்கி மாண்டிருக்கின்றன.

கம்பி வைத்தவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. லயத்துப் பின்புறம் கையகல நிலத்தில் லீக்ஸும் கரட்டும் போடுகிறவனுக்கு, ஓர் இரவில் பன்றி உழுதுவிட்டுப் போனால் அந்த மாதத்துக் கடன் நிற்கும். அவனுக்கு வேலி அமைக்கவோ இழப்பீடு தரவோ யாரும் முன்வருவதில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அம்பு எய்கிறவன் எதன்மேல் எய்கிறான் என்று பார்த்துத்தான் விரலை விடுகிறான். கம்பி எதையும் பார்ப்பதில்லை. பன்றி, மரை, சினைச் சிறுத்தை, பக்கத்து லயத்து நாய் எல்லாம் அதற்கு ஒன்றே. வைத்தவன் அப்போது வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பான்.

எனக்கும் ஒரு கணக்கு உண்டு. பதினொரு வயதில், குடைக்கம்பியை அம்பாக்கி, மூங்கில் வில்லில் ஒரு முயலை எய்தேன். கம்பி மிக இலேசு. தொடையில் தைத்தபடி முயல் தேயிலைச் செடிகளுக்குள் போய்விட்டது. தாத்தா அடிக்கவில்லை. "தேடு" என்றார், அவ்வளவுதான். இருட்டும்வரை தேடினேன். கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் கொழுந்தெடுக்கப் போன அம்மாதான் கண்டெடுத்துக் கொண்டுவந்தார். இரவெல்லாம் அது உயிரோடு இருந்திருக்கிறது என்பது உடம்பைப் பார்த்தபோதே தெரிந்தது.

மருமகனுக்கு இப்படி எழுதினேன்: "தம்பி, வில்லின் இழுவிசைக்குப் பொருந்துமானால் கனமான அம்பையே எடு, காபனிலும் கனமானவை கிடைக்கின்றன. எய்யுமுன் ஒவ்வொன்றையும் வளைத்துப் பார். முனையைத் தீட்டி வை. சந்தேகம் இருந்தால் எய்யாதே. எய்துவிட்டால் இரத்தத் தடத்தைக் கடைசிவரை பின்தொடர்ந்து போ. பாதியில் வீட்டுக்குத் திரும்பாதே."

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இந்த ஆண்டு வேட்டைக்குப் போகவில்லையாம்; குறிப்பலகையில் இன்னும் ஓராண்டு எய்து பழகப் போகிறானாம். எந்த அம்பு வாங்கினான் என்று அவன் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.